மதுவிலக்கும் மருத்துவமும்

1937-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ஆம் தேதி, ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை சென்னை ராஜதானியிலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமலுக்குக் கொண்டுவந்தது. தருமபுரி அந்நாளில் தனி ஜில்லா அன்று. 1965-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதிதான் அது சேலத்தினின்றும் பிரிந்தது. ஆகவே, காவேரி பாறைகளில் மோதிப் புகைபோல் திவலை எழுப்பி வீழ்கின்ற ஒகேனக்கல்லும் மதுவிலக்கின் முதல் எல்லைக்குள் அடங்கியிருந்தது. ஆற்றுக்கு அக்கரையிலோ, அப்பொழுது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கொள்ளேகால் தாலுகா. அங்கே மதுவிலக்கு இல்லை. இக்கரையில் குடி குற்றம். அக்கரையில் அதுவே சர்க்காருக்கு வரும்படி. இரண்டுக்கும் இடையே இருந்தது ஒரு பரிசில் கடக்கும் தூரந்தான்.

அன்று முதல் இன்று வரை ஏறத்தாழத் தொண்ணூறு வருஷங்களாக நமது நாட்டில் மதுவைப் பற்றிய விவாதமெல்லாம் கடையைத் திறப்பதா, மூடுவதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றிச் சுழன்று வந்திருக்கிறது. 1948-ல் மதுவிலக்கு ராஜதானி முழுவதற்கும் விரிந்தது. 1971-ல் அது நிறுத்தி வைக்கப்பட்டது, சில வருஷங்களுக்குள் மீண்டும் வந்தது, மீண்டும் தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் என்னும் சர்க்கார் கம்பெனி தோன்றிற்று. 2003-ல் சில்லறை விற்பனையையும் சர்க்காரே ஏற்றுக்கொண்டது. 2023-24-ஆம் வருஷத்தில் இதனால் பொக்கிஷத்துக்கு வந்த தொகை 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை திறப்புக்கும் அடைப்புக்கும் நடுவே, கடை அடைபட்ட மறுநாள் காலையில் கை நடுங்கிக் கிடக்கும் மனிதனை என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் எந்தக் கட்சியும் உரியபடி கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. நரம்பின் இரசாயனத்தில் இருக்கிறது. அதை ஜனங்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதியே இன்று இதனை எழுதப் புகுந்தோம்.

நரம்பின் பரிசில் துறை

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கின்றனர். ஆனால் ஓர் அணு மற்றொன்றோடு தந்திக் கம்பிபோல் ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரை 50,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, பெரும்பாலும் அவ்வளவே அதன் அகலம். நரம்பின் வழியே மின்சார வேகமாய் வரும் செய்தி இந்த இடைவெளியின் கரையில் வந்து நின்றுவிடுகிறது. அங்கிருந்து அதை அக்கரை சேர்ப்பவை சில இரசாயனப் பொருள்கள். இவற்றையே நமது பள்ளிப் புத்தகங்கள் நரம்புணர்வு கடத்திகள் என்று சொல்லுகின்றன.

ஒகேனக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இக்கரையிலிருந்து பரிசில் புறப்படுகிறது, அக்கரையில் தனக்குரிய துறையில் போய் ஒதுங்குகிறது, வந்தவர் இறங்குகின்றனர். வேலை முடிந்த பரிசிலை ஓட்டி தலைமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு பழைய இடத்துக்கே திரும்புகிறான். நரம்பிலும் அவ்வாறே. கடத்திப் பொருள் புறப்படுகிறது, அக்கரையில் தனக்கென அமைந்த ஏற்பியில் பொருந்துகிறது, செய்தி இறங்குகிறது, பின்னர் அப்பொருள் புறப்பட்ட நரம்புக்கே இழுத்துக்கொள்ளப்படுகிறது, அல்லது அங்கேயே சிதைக்கப்படுகிறது. இந்தப் போக்குவரத்து ஒழுங்காக நடக்கும் வரையில் மனிதன் நினைக்கிறான், நடக்கிறான், உறங்குகிறான், மகிழ்கிறான்.

இவ்வுண்மை வெளியானது 1921-ல். ஆட்டோ லோவி என்னும் பேராசிரியர், தவளையின் இருதயம் ஒன்றை உப்பு நீரில் துடிக்கவிட்டு, அதன் வேகத்தைக் குறைக்கும் நரம்பைத் தூண்டினார். பிறகு அந்த நீரை எடுத்து வேறொரு தவளையின் இருதயத்தின்மேல் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இருதயமும் மெதுவாகத் துடிக்கலாயிற்று. எனவே நரம்பின் கட்டளை நீரில் கரைந்த ஒரு பொருளாய்ச் செல்லுகிறது என்பது ஐயமற விளங்கிற்று. அப்பொருள் அசெட்டில்கோலின். இதற்காக லோவிக்கும், ஆங்கில விஞ்ஞானி ஹென்றி டேலுக்கும் 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சாஸ்திரத்தின் அடுத்த பெரிய அடியில் பாரத நாட்டின் மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு என்பதை நமது வாசகர்கள் அறிந்து மகிழ்வார்கள். சர்ப்பகந்தி என்னும் வேரைச் சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் நமது வைத்தியர்கள் நெடுங்காலமாய் வழங்கி வந்தனர். 1931-ல் கல்கத்தாவில் டாக்டர் கணநாத் சென்னும் டாக்டர் கார்த்திக் சந்திர போஸும் அதன் குணத்தைப் புதுமுறைப்படி எழுதி வெளியிட்டனர். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்புக்கு அது பயன்படுவதைப் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையிலே நிலைநாட்டினார். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்து பிரித்தெடுக்கப்பட்டது. இச்சத்தை ஊட்டிய முயல்கள் அசைவற்றுக் கிடந்ததையும், டோபமின் ஆக மாறும் பொருள் ஒன்றைக் கொடுத்தவுடன் அவை எழுந்து நடமாடியதையும் 1957-ல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் கண்டார். டோபமினும் ஒரு நரம்புணர்வு கடத்தியே என்று உலகம் அறிந்தது இவ்வாறே. ஊக்கமும் உற்சாகமும் வெறும் மனோதிடத்தால் மட்டும் ஆவன அல்ல. சில இரசாயனங்களின் அளவாலும் ஆவன என்பது அன்று தெளிவாயிற்று.

மருந்தும் போதையும் செய்யும் காரியம்

மருந்தாயினும், போதையாயினும், விஷமாயினும், மூளையைத் தொடும் பொருள்கள் பெரும்பாலும் இந்தப் பரிசில் துறையில்தான் கை வைக்கின்றன. சில, உள்ளூர்ப் பரிசிலைப்போல் வேஷமிட்டுத் துறையில் ஒதுங்குகின்றன. அபின் உடம்பிலேயே ஊறும் வலிநீக்கிப் பொருளின் வேஷத்தையும், புகையிலையின் நிகோடின் அசெட்டில்கோலினின் வேஷத்தையும் தரிக்கின்றன. கஞ்சாவின் சத்து பொருந்தும் துறைக்கு உரிய உடற்பொருளை 1992-ல் கண்டுபிடித்தவர்கள், ‘ஆனந்தம்’ என்ற நமது சொல்லைக் கொண்டே அதற்கு ஆனந்தமைட் என்று பெயரிட்டனர். கோக்கெய்ன் பரிசில் திரும்பும் வழியை மறித்து, டோபமின் துறையிலேயே தங்கித் தேங்கும்படி செய்கிறது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்துகள் சில, அசெட்டில்கோலினைச் சிதைக்கும் பொருளையே முடக்கிவிடுகின்றன. அவற்றை உட்கொண்டவன் வாயில் எச்சில் பெருகி, கண்மணி சுருங்கி, மூச்சுத் தசைகள் ஓய்ந்து மாளுகிறான். அவனைக் காக்க அட்ரோபின் என்னும் மருந்து அந்தத் துறையை அடைத்து நிற்கிறது.

மதுவோ ஒரே சமயத்தில் பல துறைகளில் புகும் சூது. மூளையை அடக்கும் கடத்தி காபா. எழுப்பும் கடத்தி குளுட்டமேட். வண்டிக்குக் கடிவாளமும் சாட்டையும் போன்றவை இவை. மது காபாவின் வேலையைப் பெருக்கி, குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால் முதலில் கவலை தளர்கிறது. பிறகு நாணமும் நிதானமும் தளர்கின்றன. கடைசியில் காலும் நாவும் தளர்கின்றன. இத்துடன் டோபமினையும் தூண்டி, ‘இது வேண்டும், இன்னும் வேண்டும்’ என்ற எண்ணத்தை உள்ளே பதிக்கிறது. ஆடிப் பெருக்கு நாளிலும் விடுமுறை நாட்களிலும் ஒகேனக்கல்லில் ஆயிரக்கணக்கானோர் கூடுகின்றனர். எண்ணெய் தேய்த்துக்கொள்வதும், அருவியில் குளிப்பதும், மீன் வறுவல் உண்பதும், பரிசில் ஏறுவதும் நல்ல பொழுதுபோக்கே. ஆனால் குடித்துவிட்டு வழுக்குப் பாறையில் கால் வைப்பவனுக்குத் தன் கால் தடுமாறுவதும் தெரியாது, நீரின் வேகமும் தெரியாது. அபாயத்தை அளந்து சொல்ல வேண்டிய மூளையின் பகுதியே அப்பொழுது உறங்கிக் கிடக்கிறது. எச்சரிக்கைப் பலகையைப் படிக்கக் கண் இருந்தும், அதன்படி நடக்கப் புத்தி இல்லாத நிலை அது.

இது ஒரு நாள் குடிப்பவன் கதை. நாள்தோறும் குடிப்பவன் கதை வேறு. கடிவாளம் எப்பொழுதும் இழுத்துப் பிடிக்கப்பட்டிருந்தால், மூளை சும்மா இருப்பதில்லை. காபாவின் துறைகளை மந்தமாக்கிக்கொண்டு, குளுட்டமேட்டின் துறைகளைப் பெருக்கிக்கொள்ளுகிறது. அதனால்தான் நேற்று ஒரு குவளையில் கிடைத்த மயக்கத்துக்கு நாளை இரண்டு குவளை வேண்டியிருக்கிறது. ஒரு நாள் திடீரென்று மது நின்றுபோனால், கடிவாளம் அறுந்து சாட்டை மட்டும் மிஞ்சுகிறது. சில மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வேறு சிலருக்கு இல்லாதது தோன்றும் சித்தப் பிரமையும் ஜுரமும் வருகின்றன. வைத்தியம் செய்யாவிடில் இது உயிரையும் கொண்டுபோகக்கூடும். ‘மனத்தில் உறுதி இருந்தால் நாளையே விட்டுவிடலாமே’ என்று உபதேசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல வருஷம் குடித்தவனுக்கு அந்த உபதேசம், உடன் வைத்தியர் இல்லாவிடின், ஆபத்தான உபதேசமே.

2020 கற்பித்த பாடம்

இது வெறும் புத்தக விஷயம் அன்று. 2020-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கொரோனா நோயின் பொருட்டு நாடு அடைபட்டபோது, தமிழ்நாட்டு மதுக்கடைகள் யாவும் ஒரே நாளில் மூடப்பட்டன. யாரும் மதுவிலக்கை நினைக்கவில்லை. ஆயினும் மே மாதம் வரையில் மதுவிலக்கு இருந்தது. அந்த ஏப்ரலில், முகச்சவரத்துக்குப் பின் பூசும் திரவத்தையும் வார்னிஷையும் குடித்து மாண்டவர்கள் நமது மாகாணத்திலேயே உண்டு. கேரள சர்க்கார், வைத்தியரின் சீட்டின்பேரில் குடிப்பழக்கமுள்ளோர்க்கு மது வழங்க உத்தரவிட, அங்குள்ள வைத்தியர்களே அதை எதிர்த்தனர். ஹைக்கோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. நீதிமன்றம் செய்தது சரியே. நோயாளிக்கு வேண்டியது சிகிச்சையேயன்றி நோயை வளர்க்கும் பொருள் அன்று. ஆனால் அந்தச் சிகிச்சை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடைத்தது?

சிகிச்சை கிடைக்காத இடத்தில் கள்ளச்சாராயம் கிடைக்கிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த ஊர்களிலும் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டிடத்திலும் கொன்றது மெத்தனால். இது நரம்புக் கடத்தியோடு விளையாடும் போதை அன்று; உடலில் பார்மிக் அமிலமாக மாறி, அணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தியையே அறுத்துவிடும் விஷம். கண் நரம்பே அதற்கு முதல் பலி. ஆதலால் பிழைத்தவர்களிலும் சிலர் பார்வை இழக்கின்றனர். கள்ளக்குறிச்சி நிகழ்ந்தது மதுவிலக்கு அமலில் இருந்த நாளில் அன்று; டாஸ்மாக் கடைகள் திறந்திருந்த நாளிலேதான் என்பதையும் மறக்கலாகாது. கடை திறந்திருந்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பாரின் வாதம் அந்த ஜூன் மாதத்திலேயே சிதைந்தது. அதே மாதத்தில் சட்டசபை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, ஆயுள் தண்டனை வரையில் தண்டனையைக் கடுமையாக்கியது. காய்ச்சுபவனுக்குத் தண்டனை வேண்டியதே. குடித்தவனுக்கு என்ன ஏற்பாடு?

தண்ணீரில் விஷம், குப்பியில் விஷம்

இங்கே ஒகேனக்கல் நமக்கு மற்றொரு விஷயத்தை நினைவூட்டுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் கிணற்று நீரில் புளோரைடு என்னும் உப்பு மிகுந்து, குழந்தைகளின் பல்லில் கறை படிந்தது. பெரியோரின் எலும்பும் மூட்டும் விறைத்துப் போயின. ‘கிணற்று நீரைக் குடியாதே’ என்று சர்க்கார் ஜனங்களைக் கண்டிக்கவில்லை; குடித்ததற்காக அவர்களைச் சிறையிலிடவும் இல்லை. ஜப்பான் தேசத்தில் கடன் வாங்கி, ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவிட்டு, ஒகேனக்கல் காவேரி நீரைக் குழாய் வழியே அந்தக் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. 2013-ல் அத்திட்டம் துவக்கி வைக்கப்பட்டது. விஷத்தை உண்டவர்களைக் குற்றவாளிகளாகக் கருதாமல், மாற்று வழி காட்டிய அச்செயலை எல்லாக் கட்சியாரும் போற்றினர். எலும்பைக் கெடுக்கும் விஷத்துக்கு ஒரு நீதியும், மூளையைக் கெடுக்கும் விஷத்துக்கு வேறொரு நீதியும் ஏன்? முன்னதில் சர்க்காருக்கு வருமானம் இல்லை. பின்னதில் உண்டு என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. குடியை நிறுத்தும் முதல் சில நாட்களில், காபாவின் வேலையை ஒத்த வேலையைச் செய்யும் மருந்துகளை வைத்தியர் அளவறிந்து கொடுத்து, படிப்படியாகக் குறைத்து வந்தால், வலிப்பையும் பிரமையையும் தடுக்கலாம். மூளையை நிலையாகக் கெடுக்கும் ஒரு குறையை, தயமின் என்னும் பி-1 வைட்டமின் ஊசி தடுக்கிறது. அதன் விலையோ அற்பம். பின்னர், மது தரும் இன்பத்தின் துறையை அடைக்கும் நால்ட்ரெக்சோன் முதலிய மருந்துகளும், குடும்பத்தாரையும் சேர்த்து அளிக்கும் ஆலோசனையும் மீண்டும் வழுக்காமல் காக்கின்றன. சென்னையில் 1980-ல் ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனம், கிராமங்களில் முகாம் நடத்தியே இது கைகூடும் என்று காட்டியிருக்கிறது. 2025-ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ‘கலங்கரை’ என்ற பெயரால் 25 சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டதையும் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் இது கடலில் கரைத்த பெருங்காயமே. 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, இத்தேசத்தில் மதுவினால் கேடுற்று உதவி வேண்டி நிற்பவர் 5 கோடியே 70 லக்ஷம் பேர். மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றிருக்கின்றனர். மற்ற 37 பேரைக் கவனிப்பவர் அவரவர் மனைவிமாரும் தாய்மாரும் அன்றி வேறு யார்? அப்பெண்களிடம் மருந்தும் இல்லை, வைத்தியரும் இல்லை, அன்றாடக் கூலியில் பாதி கடைக்குப் போன பின் மிஞ்சும் காசுதான் இருக்கிறது.

செய்ய வேண்டியது

நமது அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு சர்க்காருக்கு வழிகாட்டியிருக்கிறது. அந்த லக்ஷியத்தினின்றும் நாம் அணுவளவும் பிறழவில்லை. 1929-ல் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ பத்திரிகையின் மூலம் ராஜாஜி பிரசாரம் செய்தார். பின்னர்ச் சட்டம் செய்தார். வரும்படி நஷ்டத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரியையும் கொண்டுவந்தார். பிரசாரம், சட்டம், பொருள் என்ற மூன்றும் அவரிடம் இருந்தன. நான்காவதாகிய மருத்துவ அறிவு அன்று உலகத்திலேயே முதிரவில்லை. இன்றோ அந்த அறிவு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, பொருளும் இருக்கிறது. மனந்தான் இல்லை.

ஆதலால் நாம் கேட்பது மூன்று. முதலாவது, மதுவினால் வரும் வருமானத்தில் ஒரு நிலையான பங்கைச் சட்டத்தின் மூலமே சிகிச்சைக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். வருஷா வருஷம் மந்திரிகளின் தயவை எதிர்பார்க்கும் நிலை கூடாது. இரண்டாவது, ஜில்லாத் தலைநகரோடு நில்லாமல், தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் குடியை நிறுத்த வருவோர்க்குச் சில படுக்கைகளும், பயிற்சி பெற்ற வைத்தியரும், இடைவிடாத மருந்தும் இருக்க வேண்டும். ஒகேனக்கல் அடங்கிய பென்னாகரம் தாலுகாவிலிருந்தே இதைத் தொடங்கலாம். பூச்சிமருந்து குடித்தவனுக்கு அட்ரோபின் வைத்திருக்கும் ஆஸ்பத்திரி, மதுவை விட வந்தவனை மட்டும் ஏன் திருப்பியனுப்ப வேண்டும்? மூன்றாவது, எந்த ஊரிலாவது கடை மூடப்படுமானால், அதற்கு முன்பே அவ்வூரில் சிகிச்சை முகாம் திறந்திருக்க வேண்டும். முதலில் வைத்தியர் வரட்டும். பிறகு பூட்டு வரட்டும்.

குடியை நோய் என்று சொன்னால் குடிகாரனுக்கு மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்ததாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஆகாது. மனைவியை அடித்தவன் அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனும் அவ்வாறே. முதற் குவளையை எடுத்தது அவன் கை என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரமாவது குவளையை எடுக்கும்போது அந்தக் கையை நடத்துவது முன்னைய மனிதன் அன்று, மாறிப்போன நரம்பு. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நாட்டில் அறவுரைக்குப் பஞ்சம் இல்லை. அந்த அறவுரையைக் கேட்கும் நிலைக்கு நோயாளியின் மூளையைக் கொண்டுவருவதே மருத்துவத்தின் வேலை. அவ்வேலைக்குப் பணம் கொடுப்பது, அவனிடம் மதுவை விற்றுப் பணம் பெற்ற சர்க்காரின் கடமை. இதைத் தானம் என்று எண்ண வேண்டாம். கடனைத் திருப்பிக் கொடுப்பதே இது.